திரும்பி வருவதைப் பார்க்கிறவர்

கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு முந்துவார்கள். அவர் மட்டும் பந்தி முடியும்வரை காத்திருந்து, சாப்பிட்ட இலைகளைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்துக்குப் போவார். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஒவ்வொரு இலையாக எட்டிப் பார்ப்பார். போர்ட் பிளேர் பக்கத்துப் புரோத்ராபூரில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் இதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"என்னம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"ஒன்னும் தொலையல. ஒங்க அவியல் எல்லா இலையிலயும் அப்புடியே குந்தியிருக்கு. பாயாசம் ஒரு இலையிலயும் இல்ல. சாயங்காலத்துக்கு அவியல் வேணாம், வெளங்குதா?"

"நீங்க முதல்ல சாப்பிட்டுப் பாருங்கம்மா!"

"நான் ஒருத்தி சாப்புட்டு என்னா தெரியப் போவுது? நீங்க எவ்வளவு போட்டீங்கன்னு நான் பாக்க மாட்டேன். எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னுதான் பாப்பேன்."

சமையல்காரர் மாலை விருந்திலும் வீம்புக்கு அவியல் வைத்தார். அந்த அம்மா மறுபடியும் இலை பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படியொரு வெற்றிச் சிரிப்பு.

அவரை நாங்கள் வயர்லெஸ் அக்கா என்போம். அப்போதே அறுபதைத் தாண்டியிருந்தார். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே பெற்றோருடன் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். ரப்பர் பால் வெட்டப் போகாமல் எப்படியோ வயர்லெஸ் அறைக்குள் நுழைந்து, ஓய்வு பெறும்வரை தீவு தீவாக அந்த வேலையையே பார்த்தார். எப்படி நுழைந்தார் என்ற கதையை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். எல்லா விதத்திலும் அவர்தான் கெட்டிக்காரி. மற்றவர்கள் எல்லாம் மக்கு. தற்பெருமையை அவ்வளவு சுவையாகப் பேசிய வேறொருவரை நான் பார்த்ததில்லை.

இப்போது கூடலூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போனில் திட்டுகிறார். அவர் வளர்த்த வாத்துகளைப் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம் வாங்கிக்கொண்டது. மழை பிடித்தால் எனக்கு அவர் ஞாபகம் வரும். அது எதனால் என்று சொல்ல வேண்டுமானால் ஜீப்பில் இருந்து தொடங்க வேண்டும்.

என் மகள் கால்நடை மருத்துவர். முதல் வேலையே தீவுகளின் வடகோடியில், திக்லிபூரில் கிடைத்தது. நாங்கள் இருப்பது போர்ட் பிளேரில், லம்பா லைனில். பேருந்தில் போனால் ஒரு முழுப் பகல் பயணம். அவள் பேருந்தில் போகவில்லை. பழைய வெள்ளை ஜீப் ஒன்றை வாங்கி, தானே ஓட்டிப் போகத் தொடங்கினாள். வழியில் பாதி தூரம் செல்போனில் சிக்னல் இருக்காது. திக்லிபூரிலும் அவள் மாடு பார்க்கப் போகிற ஊர்களில் இருக்காது. நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியன். நிலநடுக்கம், புயல், மண்சரிவு எல்லாவற்றையும் வரைபடத்தோடு பாடம் நடத்துகிறவன். என் பயத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஜீப்பில் ரேடியோ வைத்துவிடலாம் என்று சொன்னது வயர்லெஸ் அக்காதான். அவர் தன் புரோத்ராபூர் வீட்டில் இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே கம்பி கட்டி ஒரு ரேடியோ நிலையம் வைத்திருந்தார். நானும் மகளும் லைசென்ஸ் பரீட்சை எழுதினால்தான் மைக்கைத் தொடவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருவரும் எழுதினோம். மகள் ஒரே தடவையில் தேறினாள். நான் இரண்டாம் தடவையில். "மாஸ்டர் பெயிலு!" என்று அவர் புரோத்ராபூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் தேறிய செய்தியை மட்டும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ரேடியோ வந்ததும், அது சின்னதாக இருக்கிறதே என்று எனக்குக் கவலை. மெயின்லேண்டிலிருந்து சிக்னலை ஊதிப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்ததும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னாங்க மாஸ்டர் இது? புள்ள ஜீப்பு ஓட்டப் போவுதா, திருவிழாவுக்கு மைக்செட்டு கட்டப் போவுதா?"

"மலை குறுக்கே இருக்குக்கா. பவர் கூட இருந்தாத்தானே நல்லது?"

"அதை ஓரமா வைங்க. மொதல்ல குச்சி."

குச்சி என்றது ஆண்டெனாவை. ஜீப்பின் பின்பக்க மூலையில் நிற்கிற, ஆள் உயரத்துக்கும் மேலான எஃகுக் கம்பி. நடுவில் கத்திரிக்காய் மாதிரி ஒரு சுருள். அதைப் பொருத்தி, ரேடியோவுக்கும் அதற்கும் நடுவே ஒரு மீட்டரைச் செருகினார். காய்கறிப் பையில் பச்சை மிளகாயோடு போட்டு எடுத்து வந்த மீட்டர் அது. எவ்வளவு சக்தி வெளியே போகிறது, எவ்வளவு போகாமல் திரும்பி வருகிறது என்று அதன் முள் காட்டும். மைக்கை அழுத்தினார். திரும்பி வருவதைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது.

"பாத்தீங்களா? பாதி திரும்பி வருது. குச்சி வாங்க மாட்டேங்குது. இதுல ஒங்க திருவிழாப் பொட்டியப் போட்டா, திரும்பி வர்ற சூட்டுல அதுவே வெந்து போயிரும்."

"ஏன் வாங்க மாட்டேங்குது?"

"பெயிண்டு."

சொல்லிக்கொண்டே உப்புத்தாளை எடுத்து, மகள் அப்போதுதான் புதிதாக வெள்ளையடித்திருந்த ஜீப்பின் மூலையைச் சுரண்டத் தொடங்கினார். மகள் அலறினாள்.

"அரே அக்கா! நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன்!"

"குச்சியோட காலு இரும்பத் தொடணும் கண்ணு. பெயிண்டத் தொட்டா, செருப்புப் போட்டுக்கிட்டு ஆத்துல எறங்குன மாதிரி."

"துருப் பிடிச்சிடுமே!"

"கிரீஸ் பூசு. மாசத்துக்கு ஒருக்கா பூசு. கடல் காத்துல ஒன்னும் சும்மா இருக்காது. நானே பாரு, எண்ணெய் தேய்க்காட்டி துருப்புடிச்சிருவேன்."

சுரண்டி முடித்ததும், பின்கதவையும் பானெட்டையும் பின்னல் செம்புப் பட்டைகளால் ஜீப்பின் உடம்போடு இணைத்தார். அப்புறம் குச்சியின் நுனியை வெட்டத் தொடங்கினார். ஒரு வெட்டுக்கு ஓர் அரிசி நீளம். வெட்டுவார், மைக்கை அழுத்துவார், முள்ளைப் பார்ப்பார், இறங்கி வருவார், மறுபடி ஓர் அரிசி. முற்பகலில் தொடங்கிய வேலை. சாப்பாட்டு நேரம் தாண்டியது. கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் சீக்கிரம் முடியுமே என்றேன்.

"வெட்டுனத ஒட்ட வைப்பீங்களா? ஒட்ட வைப்பீங்கன்னா சொல்லுங்க, அரை முழம் வெட்டுறேன்."

கடைசியில் முள் தரையோடு படுத்தது. அவர் எங்களைப் பார்த்த பார்வைக்கு ஒரு மாலையாவது போட்டிருக்க வேண்டும். மகள் ஜீப்பை அதுவரை நின்றிருந்த தகரக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, வாசலில் நிறுத்தி மைக்கை அழுத்தினாள். முள் எழுந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் ஒரு வாத்து கத்தியது.

"தகரம்," என்றார் அக்கா. "மேல இருந்த தகரம் பொய் சொல்லிருச்சு."

"தகரமாக்கா பொய் சொல்லிச்சு?" என்றாள் மகள்.

"பின்ன, நானா சொன்னேன்?"

திறந்தவெளியில் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை பின்கதவைச் சாத்தி, மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, தினமும் எப்படிப் போவாளோ அப்படியே வைத்துப் பார்த்தார். நல்லவேளை, குச்சியில் வெட்ட இன்னும் மிச்சம் இருந்தது. மறுபடியும் முள் படுத்த பிறகுதான் என் ஆம்ப்ளிஃபையருக்குக் கருணை காட்டினார். அப்போதும் மீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒருமுறை, ஆம்ப்ளிஃபையருக்கும் குச்சிக்கும் நடுவே ஒருமுறை.

"மாமியாக்காரிகிட்ட தனியா விசாரிக்கணும், மருமககிட்ட தனியா விசாரிக்கணும். ரெண்டு பேரையும் ஒன்னா வச்சுக் கேட்டா எல்லாம் சரி, சப் டீக்குன்னுதான் சொல்லுவாங்க."

அன்றைக்கு இருட்டும் முன் ஜீப் தயாராகிவிட்டது. செய்த வேலைக்கு அக்கா கூலி கேட்கவில்லை. மகளின் புது வேலையைச் சாக்கிட்டு வாத்துகளுக்கு ஆயுள் முழுக்க இலவச வைத்தியம் என்று பேசிக்கொண்டார். வாத்துகளுக்கு நோயே வந்ததில்லை என்பது வேறு விஷயம். "வைத்தியர் இருக்காங்கன்னு தெரிஞ்சதுமே பயந்து நல்லா இருக்குதுங்க" என்பார்.

அதன்பிறகு தினமும் மாலையில் நான் ஸ்கூட்டரில் புரோத்ராபூருக்குப் போவேன். மகள் வேலை முடிந்து ஜீப்பிலிருந்து கூப்பிடுவாள். முதல் நாள் அவள் குரல் வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். தீவின் அந்தக் கோடியிலிருந்து, பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி.

"தாயி, சாப்டியா?"

"சாப்டேன்பா."

"பாத்துப் பத்திரமா ஓட்டுறியா?"

"பத்திரமா ஓட்டுறேன்பா."

"மழை பெஞ்சா ஓரமா நிறுத்திடணும்."

"நிறுத்திடுறேன்பா."

தினமும் இதே. ஒரு வாரம் கழித்து அவள் இரண்டு நாளைக்கு ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு பேட்டரி போய்விடும் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள். அக்கா வாத்துமுட்டையை அவித்து உரித்து என் முன்னால் வைத்தார்.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னதத் தவிர அந்தப் புள்ள வேற எதுவும் சொல்லுதா?"

"பதில் சொல்றாளே."

"பதிலா? சாப்டியா, சாப்டேன். ஓட்டுறியா, ஓட்டுறேன். நீங்க அனுப்புனது அப்புடியே திரும்பி வருது. அது எதையும் உள்ள வாங்கிக்கல. நீங்க இன்னும் பவர் ஏத்துறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. முட்டையைத் தின்னாமலே கிளம்பிவிட்டேன். பெற்றவனுக்குத் தெரியும் பயம், வாத்து வளர்க்கிறவருக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனேன். மறுநாள் அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டு முட்டையாக வைத்தார்.

அந்த மழைக்காலத்தில் மகள் நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தாள். திரும்பிப் போகிற அன்று விடியும் முன்பே கிளம்பினாள். காட்டுச் சாலையில் நுழைவதற்கு முன் ரேடியோவில் கூப்பிட்டாள். நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். குரல் கணீரென்று வந்தது. அடுத்து பாரதாங் தீவுக்குப் போக ஜீப்பைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். கடந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள்.

கடக்க வேண்டிய நேரம் போனது. அதற்குப் பிறகும் நேரம் போனது. மழை வலுத்தது. அக்கா நிலையத்தைத் திறந்தே வைத்திருந்தார். இரைச்சல்தான். மதியத்துக்கு முன் என் மனைவி போன் செய்தாள். குரல் சரியில்லை. வழியில் ரங்கத் ஊருக்கு முன்னால் மண் சரிந்து சாலை அடைபட்டிருக்கிறதாம். வெள்ளை ஜீப் ஒன்று பள்ளத்தில் சரிந்ததை யாரோ பார்த்தார்களாம். எந்த ஜீப், உள்ளே யார் என்று சொன்னவருக்கே தெரியவில்லை. அங்கே செல்போன் டவரும் விழுந்துவிட்டது. யாரையும் பிடிக்க முடியவில்லை.

மைக்கை எடுத்துக் கத்தினேன். எங்கம்மா இருக்க, அடிபட்டுச்சா, ஜீப் எங்க, யார் கூட இருக்காங்க, சொல்லும்மா, சொல்லு. விட்டு விட்டுக் கத்தினேன். அக்கா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதட்டவில்லை. "நீங்க அழுத்திக்கிட்டே இருந்தா அது பேசுறது எப்புடிக் கேக்கும்?" என்று மட்டும் சொன்னார்.

கேட்டோம். இரைச்சலுக்குள் ஏதோ கீறியது. மறுபடியும். ஒரு துண்டு: "...ப்பா..."

"அவதான்!" என்று எழுந்தேன்.

"உக்காருங்க." அவர் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் இரண்டு துண்டு வந்தது. ஒன்றும் புரியவில்லை. "உசுரோட இருக்கு. ஜீப்பும் நிமுந்துதான் நிக்குது. கவுந்த வண்டியிலேருந்து இப்புடித் திரும்பத் திரும்பக் கூப்புட முடியாது. ஆனா குச்சி வாங்கல. காலையில வாங்குன குச்சி இப்ப ஏன் வாங்கல?" கண்ணைத் திறந்தார். "மாஸ்டர், படகுல ஏத்துறப்ப குச்சிய என்னா பண்ணும் அந்தப் புள்ள?"

"வளைச்சுக் கட்டணும். நீட்டிக்கிட்டு நின்னா படகுக்காரங்க சத்தம் போடுவாங்க. நுனியை வளைச்சுக் கூரைக் கம்பியோட கயித்தால கட்டுவா."

"எறங்குனப்புறம்?"

"அவுத்து நிமிர்த்தணும். மறந்துட்டாளோ!" என்றேன். அவர் மைக்கை என் கையில் கொடுத்தார்.

"கூரையோட கட்டிக் கெடக்குற குச்சிக்கும் காதுல கொஞ்சம் விழும். கொஞ்சந்தான். அதனால ஒன்னே ஒன்னு சொல்லுங்க. வேற எதாச்சும் கேட்டீங்கன்னா சத்தியமா மைக்க ஒடைச்சிருவேன்."

கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. "கயித்த அவு, தாயி," என்றேன். விட்டேன். இரைச்சல். "கயித்த அவு." விட்டேன். மூன்றாவது முறையும் அதையே சொன்னேன். அடிபட்டுச்சா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம்.

பிறகு ஒன்றுமே வரவில்லை. கீறல்கூட இல்லை. அக்கா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! இப்ப கேக்குதா?"

பக்கத்து அறை மாதிரி. நான் மைக்கை அழுத்தி, "கேக்குது," என்றேன்.

"சுத்தமா மறந்துட்டேன்பா! ஆம்ப்ளிஃபையர் பெட்டியில சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, என்னன்னே புரியல. நான் நல்லா இருக்கேன். முன்னாடியும் மண்ணு, பின்னாடியும் மண்ணு, நடுவுல நாலஞ்சு வண்டி. சரிஞ்சது வேற ஜீப்பு, அதுலயும் யாருக்கும் ஒன்னும் இல்ல, மரத்துல தட்டி நின்னுடுச்சு. ஆனா அப்பா, நல்ல வேளை கயிறுன்னு சொன்னீங்க! இங்க ஒரு லாரியில மாடு ஒன்னு கன்னு போட நிக்குது. ஒரு கால் மடங்கிக்கிச்சு. என் சாமான் பெட்டி திக்லிபூர்ல கெடக்கு. இழுக்க நல்ல கயிறு இல்லாம இவ்வளவு நேரம் தவிச்சுக்கிட்டு இருந்தேன், கயிறு என் தலைக்கு மேலயே இருந்திருக்கு! நான் போறேன். முடிஞ்சதும் கூப்புடுறேன். நீங்க அங்கயே இருங்க. ஓவர்."

இரைச்சல் திரும்பியது. நான் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். மனைவிக்குப் போன் செய்து சொன்னது அக்காதான். போனில் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "புள்ளைக்கு ஒன்னுமில்ல. ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் சுகமில்ல."

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கஞ்சி வைத்து ஊறுகாயோடு கொடுத்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தபடியே குடித்தேன். இடையில் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "மாட்டுக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கும், எந்தக் கையால மைக்க எடுக்கும்?" என்றார். நியாயம்தான். காத்திருந்தேன்.

மழை சற்றே ஓய்ந்தபோது ஸ்பீக்கர் உயிர்பெற்றது. முதலில் யார் யாரோ இந்தியில் சிரிக்கிற சத்தம். பிறகு மூச்சிரைக்க என் மகள்.

"அப்பா, முடிஞ்சுது. அப்பா, கேக்குதா? ஓவர்."

மைக்கை எடுத்தேன். வாய்க்குள் பழைய கேள்விகள் எல்லாம் வரிசையில் நின்றன. அக்கா என்னை எதுவும் எச்சரிக்கவில்லை. வெளியே வாத்துகளை விரட்டப் போயிருந்தார்.

"கெடேரியா, காளையா?" என்று கேட்டேன்.

ஒரு நொடி இரைச்சல். அப்புறம் அவள் சொல்லத் தொடங்கினாள். கெடேரி என்றாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு என்றாள். காலை நேராக்க எவ்வளவு பாடுபட்டாள், லாரிக்காரர் எப்படி மயங்கி விழப் பார்த்தார், பேருந்தில் வந்த தெலுங்கு அம்மா ஒருத்தி தன் புதுத் துண்டைக் கொடுத்துக் கன்றைத் துடைத்தது, அது எழுந்து நிற்கப் போய் மூன்று தடவை விழுந்து நான்காவது தடவை நின்றது, எல்லாவற்றையும் சொன்னாள். நடுநடுவே ஓவர் சொல்ல மறந்துபோனாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.